மணல் துகளும் நுழைய முடியாத இடைவெளி

'பாசிர்' என்ற மலாய்ச் சொல்லுக்கு மணல் என்று பொருள். இதை நம் வாசகர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில் இருக்கும் பாசிர் ரிஸ் கடற்கரையை, பள்ளி விடுமுறையில் உறவினர் வீட்டுக்குப் போன பிள்ளைகள் பலர் பார்த்திருப்பார்கள். திரும்பி வரும்போது செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும் மணலில் ஒரே ஒரு துகளை விரல் நுனியில் எடுத்துப் பாருங்கள். சாதாரணக் கடற்கரை மணல் துகளின் குறுக்களவு ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் இருக்கும். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு.

அதே பாசிர் ரிஸ்ஸின் கார் நிறுத்துமிடங்களில் மாடி மாடியாக நிற்கும் கார்களில், பெட்ரோலில் ஓடும் எந்தக் காரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எஞ்சினுக்குள் பிஸ்டன் என்ற உலோகக் குவளை, சிலிண்டர் என்ற உருளைத் துளைக்குள் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனின் குறுக்களவுக்கும் துளையின் குறுக்களவுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலான சாதாரணக் கார்களில் 0.02 முதல் 0.05 மி.மீ. வரைதான். நம் தலைமுடி ஒன்றின் கனம்கூட இதைவிட அதிகமாக இருக்கலாம். அந்த மணல் துகள் அங்கே நுழையவே முடியாது.

'இதெல்லாம் மெக்கானிக்கின் பாடு, எங்களுக்கு எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. தோட்டத்தை விட்டுப் பட்டணம் போன பிள்ளைகளும் சரி, தோட்டத்திலேயே இருந்துகொண்டு வெளி வேலைக்குப் போகிறவர்களும் சரி, முதலில் வாங்குவது பெரும்பாலும் பழைய காடி. அப்பாவின் பணிக்கொடையோ, அம்மா கட்டிய கூட்டுப் பணமோ அதில் போயிருக்கும். ஆறு மாதத்தில் புகை கக்கத் தொடங்குகிறது. பட்டறைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "எஞ்சின் போச்சு அண்ணே, முழுசா இறக்கணும்" என்கிறார். எத்தனை ஆயிரம் வெள்ளி என்றதும் வீட்டில் சோறு இறங்குவதில்லை. அந்த நேரத்தில், 'எந்த அளவு போயிற்று? எவ்வளவு போயிற்று?' என்று கேட்கத் தெரிந்தால் பாதிப் பணம் தப்பும். சில சமயம் முழுப் பணமும் தப்பும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

தையல் இயந்திரத்தைப் பாருங்கள்

கால் மிதி தையல் இயந்திரம் இருக்கும் வீட்டுப் பெண்களுக்கு இந்த வேலை ஏற்கெனவே தெரியும். கால் மிதிப்பலகை மேலும் கீழும் ஆடுகிறது. அதிலிருந்து ஒரு கம்பி எழுந்து பெரிய சக்கரத்தைப் பிடித்துச் சுற்ற வைக்கிறது. மேலும் கீழுமான ஆட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது அந்தக் கம்பிதான்.

கார் எஞ்சினிலும் அதே கதை. பெட்ரோலும் காற்றும் கலந்து எரியும்போது பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. மிதிப்பலகையின் வேலையைப் பிஸ்டன் செய்கிறது. கம்பியின் வேலையைச் செய்வது கனெக்டிங் ராட். பாட நூல்கள் இதை இணைப்புத் தண்டு என்று சொல்லும். அதன் சிறிய தலை, பின் என்ற சிறு உருளையால் பிஸ்டனோடு சேர்ந்திருக்கும். பெரிய தலை கிராங் தண்டைக் கவ்விக்கொண்டிருக்கும். கிராங் சுற்றினால் சக்கரம் சுற்றும்.

வேகத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். 1985ஆம் ஆண்டு மலேசியாவில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவை நம்மில் யார் மறப்பார்? அதன் 1,300 சி.சி. எஞ்சினின் சிலிண்டர் துளை 71 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82 மி.மீ. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நிமிடத்துக்கு 6,000 முறை நின்று திரும்பி ஓடுகிறது. அதன் சராசரி வேகம் நொடிக்கு 8 மீட்டருக்கும் மேல். இத்தனை ஓட்டமும் ஒரு முடியிழை இடைவெளியில், மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் நடக்கிறது.

இடைவெளி எதற்காக?

இடைவெளியே இல்லாமல் இறுக்கமாகச் செய்துவிட்டால் என்ன? காற்று கசியாதே, சக்தி வீணாகாதே என்று தோன்றும். ஆனால் சூடு என்ற ஒன்று இருக்கிறது. ரயில் தண்டவாளங்களுக்கு நடுவே பழைய நாளில் சிறு வெளி விட்டதும் இந்தச் சூட்டுக்குத்தான்.

பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அது அதிகமாக விரியும். பழைய எஞ்சின்களின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. அது ஏறக்குறைய அதில் பாதிதான் விரியும். 71 மி.மீ. குறுக்களவுள்ள இரண்டும் ஒரே அளவாக 100 பாகை செல்சியஸ் சூடேறினால், பிஸ்டன் சிலிண்டரைவிட ஏறத்தாழ 0.06 மி.மீ. கூடுதலாகப் பெருத்துவிடும். நாம் விட்ட இடைவெளியோ 0.03 மி.மீ. அப்படியானால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளவேண்டும் அல்லவா?

சிக்காமல் இருப்பதற்குக் காரணம் பிஸ்டனின் வடிவம். கண்ணுக்கு வட்டமாகத் தெரிந்தாலும் அது சரியான வட்டமல்ல, சற்று முட்டை வடிவம். பின் செல்லும் திசையில் உலோகம் அதிகம். சூட்டில் அங்கே அதிகமாகப் பெருக்கும். ஆகையால் அந்தத் திசையில் குறுகலாகவே செய்திருப்பார்கள். அதோடு, தீ படும் தலைப்பகுதி மிகுந்த சூடாகும் என்பதால் மேலே சிறுத்தும், பாவாடை என்று சொல்லப்படும் கீழ்ப்பகுதியில் அகன்றும் இருக்கும். சூடேறிய பிறகுதான் அது சரியான வடிவத்துக்கு வருகிறது.

இடைவெளி குறைந்தால் எண்ணெய்ப் படலம் அறுந்து, அலுமினியம் இரும்பில் உரசி இழுபட்டு, பிஸ்டன் 'பிடித்துக்கொள்ளும்'. இடைவெளி கூடினால் பிஸ்டன் உள்ளே ஆடி ஆடிச் சுவரில் அடிக்கும். எண்ணெய் மேலேறி எரியும். எரிந்த வாயு கீழே இறங்கி எண்ணெயைக் கெடுக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள சரியான அளவு எது என்பதைக் கார் செய்தவரின் கையேடு சொல்லும். ஒரு எஞ்சினுக்குரிய அளவு இன்னொன்றுக்கு ஆகாது.

அளக்கும் முறை

இந்த அளவுகளை அடிமட்டக் கோலால் அளக்க முடியாது. மைக்ரோமீட்டர் என்ற கருவி வேண்டும். அதன் உருளையை ஒரு சுற்றுச் சுற்றினால் வாய் அரை மில்லிமீட்டர் நகரும். உருளையின் விளிம்பில் 50 கோடுகள். ஆகவே ஒரு கோடு என்பது 0.01 மி.மீ. தண்டில் 70.5 தெரிந்து, உருளையில் 47ஆவது கோடு நேராக நின்றால் அளவு 70.97 மி.மீ. ஆறாம் வகுப்புக் கணக்கு தெரிந்த பிள்ளை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளும். பழைய பட்டறைகளில் 'தௌ' என்பார்களே, அது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மில்லிமீட்டரில் 0.0254.

பிஸ்டனை எங்கே வேண்டுமானாலும் அளக்கக்கூடாது. அது முட்டை வடிவம் என்று சொன்னோம் அல்லவா? பின் செல்லும் திசைக்குக் குறுக்காக, பாவாடைப் பகுதியில், கையேடு சொல்லும் உயரத்தில் அளக்கவேண்டும். தலையில் அளந்தால் இல்லாத இடைவெளி இருப்பதாகத் தெரியும்.

சிலிண்டரை ஆறு முறை அளக்கவேண்டும்: மேலே, நடுவே, கீழே என மூன்று உயரம், ஒவ்வோர் உயரத்திலும் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று. சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில், சூடும் அழுத்தமும் அதிகமாகி எண்ணெய் குறைவதால், அங்கேதான் தேய்மானம் அதிகம். மேலே பெருத்தும் கீழே சிறுத்தும் இருக்கும் வித்தியாசம் ஒன்று. வட்டம் கோணி முட்டையாவது இன்னொன்று. இந்த இரண்டும் கையேட்டு எல்லைக்குள் இருந்தால் சிலிண்டரைக் குடையவேண்டியதில்லை. சிலிண்டர் சுவரை லேசாகச் சொரசொரப்பாக்கி ரிங் மாற்றினாலே போதும்.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். 71.00 இருக்கவேண்டிய துளை மேலே 71.18 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குடையத்தான் வேண்டும். கடைகளில் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. கூடிய பிஸ்டன்கள் கிடைக்கும். நம்மவர் 0.50 வாங்குகிறார். பெட்டியில் 0.50 என்று போட்டிருந்தாலும் பிஸ்டனை அளக்கவேண்டும். அளந்தால் 71.47 வருகிறது. கையேடு சொல்லும் இடைவெளி 0.03 என்றால், துளையை 71.50க்கு முடிக்கவேண்டும். கடைசி இரண்டு மூன்று நூறில் பங்கைக் குடையும் கருவியால் எடுக்காமல் ஹோனிங் கல்லால் தேய்த்து எடுக்கவேண்டும். கல் விடும் மெல்லிய குறுக்குக் கோடுகளில்தான் எண்ணெய் தங்கும்.

இதிலிருந்து ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் பிஸ்டன், பிறகு குடைதல். பிஸ்டன் வந்து சேருமுன்பே துளையைக் குடைந்து வைக்கும் பட்டறையில் உங்கள் காடியை விடாதீர்கள்.

ரிங்கும் ஒரு வாய் வெளி

பிஸ்டனைச் சுற்றியுள்ள பள்ளங்களில் ரிங்குகள் உட்கார்ந்திருக்கும். வாயு கசியாமல் தடுப்பதும் எண்ணெயை வழித்து இறக்குவதும் இவற்றின் வேலை. ரிங் முழு வட்டமல்ல. வளையல்போல் ஓரிடத்தில் வெட்டு உண்டு. சூட்டில் விரியும்போது இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் ரிங் உடையும், சுவரைக் கீறும். ஆகவே முனைகளுக்கு நடுவே வெளி வேண்டும். பொதுக் கணக்கு: துளையின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.004 மி.மீ. எனவே 71 மி.மீ. துளைக்குச் சுமார் 0.28 மி.மீ.

ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையாலேயே நேராகத் தள்ளி இறக்கி, ஃபீலர் கேஜ் என்ற தகடுகளால் இந்த வெளியை அளப்பார்கள். புது ரிங் என்று சொல்லி அளக்காமல் போடுவது சரியல்ல. தேய்ந்த துளையில் புது ரிங்கைப் போட்டால் வெளி கூடிவிடும், புகை நிற்காது.

கனெக்டிங் ராட் கேட்கும் கணக்கு

ராட்டின் பெரிய தலை கிராங்கைக் கவ்வும் இடத்தில் பேரிங் என்ற இரண்டு அரைவட்டத் தகடுகள் இருக்கும். இங்கேயும் எண்ணெய்க்கு இடம் வேண்டும். பெரும்பாலான சிறு கார்களில் அது 0.02 முதல் 0.05 மி.மீ. வரை. இடம் குறைந்தால் பேரிங் சூடேறி உருகும். கூடினால் எண்ணெய் அழுத்தம் இறங்கி, ராட் கிராங்கை அடிக்கத் தொடங்கும்.

இதை அளக்க ஒரு எளிய வழி உண்டு. பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகுபோன்ற மெல்லிய இழையைக் கிராங்கின்மேல் வைத்து, மூடியைச் சரியான இறுக்கத்தில் முடுக்கி, கிராங்கைச் சுற்றாமல் மறுபடியும் கழற்றவேண்டும். இழை நசுங்கி அகன்றிருக்கும். உறையில் அச்சிட்ட அளவுக் கோடுகளோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். அதிகம் நசுங்கி அகலமாக இருந்தால் இடைவெளி குறைவு. நசுங்காமல் ஒல்லியாக இருந்தால் இடைவெளி அதிகம்.

ராட் பக்கவாட்டில் நகரும் வெளி இன்னொரு அளவு. அது பல கார்களில் 0.1 முதல் 0.3 மி.மீ. வரை. மூன்றாவது, ராட் வளைந்தோ முறுக்கியோ இருக்கிறதா என்பது. வெள்ளத்தில் ஓட்டி எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்த கார்களில் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். காற்றைப்போல் தண்ணீர் அமுங்காது, ராட் வளைந்துவிடும். வளைந்த ராட் பிஸ்டனை ஒருபக்கமாகச் சாய்த்து, புதிதாகக் குடைந்த சிலிண்டரையும் சில மாதத்தில் தின்றுவிடும்.

ஒவ்வொரு ராட்டும் அதன் மூடியும் ஒரு ஜோடி. தாலி கட்டிய ஜோடியைப்போல் அவற்றைப் பிரித்து வேறொன்றோடு சேர்க்கக்கூடாது. மூடியைப் பூட்டிய பிறகே அந்த வட்டத்தைக் குடைந்திருப்பார்கள். மாற்றிப் போட்டால் வட்டம் வட்டமாக இராது. கழற்றுமுன் எண் குறித்துக்கொள்வது நல்ல மெக்கானிக்கின் அடையாளம். போல்ட்டுகளைக் கைக்கணக்கில் முடுக்காமல், டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேடு சொல்லும் அளவுக்கு முடுக்குவதும் அப்படித்தான்.

அளவு உலகை மாற்றிய கதை

ஒரு காலத்தில் ஒவ்வொரு பாகத்தையும் ராவி ராவி, அந்த ஒரு வண்டிக்கு மட்டும் பொருந்தும்படி செய்தார்கள். ஒரு வண்டியின் பிஸ்டன் இன்னொரு வண்டிக்குச் சேராது. 1908இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்தில் ஒரு சோதனை நடந்தது. மூன்று கெடிலாக் கார்களை அக்கக்காகக் கழற்றி, பாகங்களை ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். கடையிலிருந்து வாங்கிய சில பாகங்களையும் அதில் சேர்த்தார்கள். பிறகு எடுத்தது எதுவோ அதை வைத்து மூன்று கார்களையும் மறுபடி பூட்டினார்கள். மூன்றும் ஓடின, 500 மைல் ஓடின. கம்பெனிக்கு டுவர் கோப்பை கிடைத்தது. சரியாக அளந்து செய்த பாகம் எந்தக் கண்டத்திலும் பொருந்தும் என்பதை உலகம் அன்று கண்டது.

அந்த நம்பிக்கையில்தான் கடல் கடந்த ஊர்களில் கார் பூட்டும் ஆலைகள் எழுந்தன. சிங்கப்பூரில் புக்கிட் தீமாவின் ஃபோர்டு ஆலை 1941இல் திறக்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் ஃபோர்டின் முதல் பூட்டும் ஆலை அதுவே. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்டதும் அதே கட்டடத்தில்தான். பாட்டன்மார் சயாம் மரண ரயில் கதையைச் சொல்லும்போது தொடங்கும் அந்தக் காலம் இங்கிருந்து பிறந்தது. போருக்குப் பின் கார் வேலை மீண்டும் நடந்து, 1980இல் ஆலை மூடப்பட்டது. இன்று அது நினைவுக் காட்சியகம்.

தமிழ்நாட்டிலும் இந்தத் தொழில் வேரூன்றியது. சென்னை செம்பியத்தில் 1949இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், பிஸ்டனும் ரிங்கும் செய்து பெயர் பெற்ற ஆலை. சிம்சன் முதலான தொழில்களை வளர்த்த அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது அது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைப் பிடிக்கும் கை நம்மவர்களுக்கும் உண்டு என்பதற்கு அது சான்று.

சிங்கப்பூரில் ஏன் குடைவதில்லை?

பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் சித்தப்பா, பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும் காரைப் பத்து வருடத்தில் கொடுத்துவிட்டார் என்று கேட்டால் நமக்கு மனம் ஆறாது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்க உரிமைச் சான்று ஒன்று வேண்டும். 1990ஆம் ஆண்டு மே மாதம் வந்த இந்தத் திட்டத்தின்படி ஒரு கார்ச் சான்று 10 ஆண்டுக்குச் செல்லும். அதன்பிறகு பணம் கட்டி 5 ஆண்டோ 10 ஆண்டோ நீட்டிக்கலாம்; இல்லாவிட்டால் காரை ஏற்றுமதி செய்யவோ உடைக்கவோ வேண்டும். ஆகவே அங்கே பல எஞ்சின்கள் தேய்ந்து தீருமுன்பே ஓய்வு பெறுகின்றன. தேக்காவை ஒட்டிய ஜாலான் புசார் வட்டாரத்தில் உதிரிப் பாகக் கடைகள் நிறைந்திருந்த காலமும், சுங்கை ரோட்டுப் பழைய பொருள் சந்தையில் பழைய கருவிகளைத் தேடிய காலமும் உண்டு. அந்தச் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது.

நம் பக்கம் அப்படியல்ல. இருபது வயதுக் காரும் குடும்பத்தைச் சுமக்கிறது. இந்தப் பக்கப் பட்டறைகள் 'ஹாஃப் கட்' என்று வெளிநாட்டுக் கார்களிலிருந்து வெட்டி எடுத்த எஞ்சினை மாற்றிப் போடச் சொல்வதும் உண்டு. சில சமயம் குடைவதைவிட அது மலிவு. ஆனால் அந்த எஞ்சினும் அளக்கப்படாத எஞ்சின்தான் என்பதை மறக்கவேண்டாம். பணம் கொடுக்குமுன் அமுக்கச் சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரின் எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் யோசியுங்கள்.

எஞ்சினைத் திறக்குமுன்

நீலப் புகை வந்தால் உடனே பிஸ்டன் போய்விட்டது என்று நம்பிவிடாதீர்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு கொத்துப் புகை வந்து பிறகு நின்றால், பெரும்பாலும் வால்வு சீல் என்ற சிறு ரப்பர் பாகம்தான் குற்றவாளி; அதை மாற்ற எஞ்சினை முழுதாக இறக்கவேண்டியதில்லை. மேடேறும்போதும் முடுக்கும்போதும் விடாமல் புகை வந்தால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கலாம்.

அமுக்கம் குறைந்த சிலிண்டரில் ஒரு சிறு கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டு மறுபடி சோதித்தால் இன்னும் தெளிவாகும். எண் உயர்ந்தால் கசிவு ரிங்கிலோ சிலிண்டரிலோ இருக்கிறது. உயராவிட்டால் வால்வைப் பாருங்கள்.

சத்தமும் பேசும். குளிரில் மந்தமாக 'டொக் டொக்' என்று அடித்து, சூடானதும் அடங்கினால் பிஸ்டன் ஆட்டம். கொஞ்ச காலம் ஓட்டலாம். ஆனால் சூடான பிறகும் கீழிருந்து கனமாக இடித்து, எண்ணெய் விளக்கும் மினுக்கினால் அது ராட் பேரிங். அங்கேயே நிறுத்திவிடுங்கள். 'வீடு வரைக்கும் போயிடலாம்' என்று ஓட்டியவர்களின் எஞ்சினில் ராட் உடைந்து, சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்ததுண்டு. ஒரு ஜோடி பேரிங் தகட்டோடு போகவேண்டிய செலவு முழு எஞ்சினாகிவிடும்.

பட்டறையில் கேளுங்கள்

எஞ்சினை இறக்குவது என்று முடிவாகிவிட்டால், மரியாதையாக, ஆனால் தயங்காமல் இவற்றைக் கேளுங்கள்:

1. நான்கு சிலிண்டரிலும் ஆறு ஆறு இடத்தில் அளந்த எண்களைத் தாளில் எழுதித் தரமுடியுமா?

2. கையேடு சொல்லும் எல்லை எவ்வளவு? நம்முடையது அதைத் தாண்டியிருக்கிறதா?

3. எந்தக் கூடுதல் அளவுப் பிஸ்டன்? குடையுமுன் அதை அளந்தீர்களா?

4. புது ரிங்கின் முனை வெளியை ஒவ்வொரு சிலிண்டரிலும் பார்த்தீர்களா?

5. ராட் நேராக இருக்கிறதா? பேரிங் இடைவெளி எவ்வளவு? கிராங்கை அளந்தீர்களா?

6. கழற்றிய பழைய பாகங்களை எனக்குக் காட்டுவீர்களா?

நல்ல பட்டறைக்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். மாறாக, தன் வேலையை மதிக்கத் தெரிந்த ஆள் வந்திருக்கிறார் என்று மகிழ்ந்து மைக்ரோமீட்டரை உங்கள் கையிலேயே கொடுப்பார். "கையால் தடவிப் பார்த்தாலே தெரியும் எனக்கு" என்று சொல்பவரின் அனுபவத்தை மதியுங்கள். ஆனால் காடியை அளக்கத் தெரிந்தவரிடம் விடுங்கள். விரலுக்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தெரியாது.

செம்மண் தூசி என்ற எதிரி

எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சின் அந்த நிலைக்கு வராமல் காப்பது நம் கையில் இருக்கிறது. மணல் துகள் அந்த இடைவெளியில் நுழையாது என்று சொன்னோம். ஆனால் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் லோரி போனதும் எழும் செம்மண் புழுதி அப்படியல்ல. அது மிக நுண்ணியது. அந்த இடைவெளிக்குள் தாராளமாகப் போகும். போய் எண்ணெயோடு கலந்து, உப்புத்தாள்போல் பிஸ்டன், ரிங், சுவர் மூன்றையும் தேய்க்கும். காற்று வடிகட்டி கிழிந்த ஒரு கார் புழுதிச் சாலையில் ஓடினால், வருடக்கணக்கில் தேயவேண்டியது மிகக் குறுகிய காலத்தில் தேய்ந்துவிடும்.

ஆகவே தோட்டத்துச் சாலையில் ஓடும் காரின் காற்று வடிகட்டியை, பட்டணத்துக் காரைவிட அடிக்கடி திறந்து பாருங்கள். அடைந்திருந்தால் மாற்றுங்கள். அதன் பெட்டி மூடியும் ரப்பர்க் குழாயும் விரிசலில்லாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். வடிகட்டி புதிதாக இருந்தும் குழாய் கிழிந்திருந்தால் பயனில்லை. மின்யாக் ஹித்தாம் என்று நாம் சொல்லும் எஞ்சின் எண்ணெயைக் காலத்தில் மாற்றுங்கள். எண்ணெய் வடிகட்டியையும் சேர்த்து மாற்றுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சினை அலறவிடாதீர்கள். எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவும், பிஸ்டன் சூடேறித் தன் வடிவத்துக்கு வரவும் சற்று நேரம் வேண்டும். முதல் சில மைல் மெதுவாகப் போனால் போதும். புதிதாகக் குடைந்த எஞ்சினுக்கு இந்தப் பொறுமை இன்னும் அதிகமாக வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

படிப்பு ஏறவில்லை என்று பட்டறையில் விடப்படும் பையனை, 'கரி பூசுற வேலை' என்று வீட்டில் குறைவாகப் பேசுவதைக் கேட்கிறோம். அது தவறு. மைக்ரோமீட்டரைப் படித்து, கையேட்டைப் புரட்டி, எண்ணை எழுதி வைத்து வேலை செய்பவன் கணக்கு தெரிந்தவன். மலேசியாவின் தொழிற்பயிற்சி நிலையங்களிலும், சிங்கப்பூரில் 1992இல் அமைந்த ஐ.டி.இ. கழகத்திலும் இத்தகைய தொழிற்கல்விக்கு இடம் இருக்கிறது. நாளை மின்சாரக் கார்கள் பெருகினால் பிஸ்டன் வேலை குறையலாம். ஆனால் அளந்து பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது என்ற பழக்கம் எந்தத் தொழிலுக்கும் வேண்டியதே. மின்சார மோட்டாருக்கும் பேரிங் உண்டு, அதற்கும் அளவு உண்டு.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பையனோ பெண்ணோ பட்டறை வேலை பழகிக்கொண்டிருந்தால், அடுத்த பிறந்த நாளுக்கு ஒரு மைக்ரோமீட்டர் வாங்கிக் கொடுங்கள். விலை உயர்ந்ததாக இருக்கவேண்டியதில்லை. எப்படி அளப்பது என்று உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் வளையல், திருகாணி, ஒரு தலைமுடி என்று எல்லாவற்றையும் அளந்து பாருங்கள். பட்டறைக்காரர் அடுத்த முறை ஒரு எண்ணைச் சொல்லும்போது, அது என்ன எண் என்று அந்த வீட்டில் அனைவருக்கும் தெரியும்.